எந்தத் தட்டு

ஆண்டவர் வேதமுத்துவுக்குக் கண்ணை மங்கலாகவும் காதை மந்தமாகவும் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியையெல்லாம் மூக்கில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அப்படியொரு மூக்கை வைத்துக்கொண்டு தாராவியில் காலந்தள்ளுவது தண்டனைதான். மும்பைக் கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் பியூனாக இருந்து ரிட்டையர் ஆனவர் அவர். பகலெல்லாம் ஏசி அறைகளுக்குள் போய்வந்த மூக்கு, சாயங்காலம் சயான் ஸ்டேஷனில் இறங்கும்போதே சுருங்க ஆரம்பித்துவிடும். சந்துக்குள் நுழையும்போது முகம் முழுவதும் மூக்கைச் சுற்றி ஒரு முடிச்சாகிவிடும். சட்டைப்பையில் ஓடிகொலான் தெளித்த கைக்குட்டை எப்போதும் இருக்கும். அதை மூக்கில் வைத்துக்கொண்டு அவர் நடந்துவருவதைப் பார்த்தால், ஏதோ சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் மேலே ஒட்டுச்சுவர்க்காரியாக வந்து வாய்த்தவள் சுலைகா. மேலப்பாளையத்துக்காரி. புருஷன் இல்லை. தேவ்நார் அறுப்புக்கூடத்திலிருந்து டெம்போவில் வரும் ஆட்டுக்குடலை வாங்கிச் சுத்தம்பண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு. சந்தில் மராத்திக்காரர்கள் அவளை வஜ்டிவாலி, அதாவது குடல்காரி, என்பார்கள். வாசலில் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்றில் வந்த கோலத்திலேயே குடல் கிடக்கும். அதை ஒரு குச்சியில் மாட்டி உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டுவாள். மென்று அரைபட்ட பச்சைச் சாணி வழியும். வெந்நீர் ஊற்றிச் சுண்ணாம்பு தேய்த்துக் கத்தி முதுகால் வழிப்பாள். கடைசித் தொட்டியில் துவைத்த துண்டு போல வெள்ளையாக மிதக்கும். வெள்ளையானதைக் கடைக்காரன் கொண்டுபோவான். பச்சையானது சந்தின் நடுச் சாக்கடையில் வேதமுத்து வீட்டு வாசல் வழியாகத்தான் போகும்.

அவர் ஒருதரம் வார்டு ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்த ஆள் சுலைகா வீட்டில் டீ குடித்துவிட்டு, தன் வீட்டு விருந்துக்கென்று அரைக்கிலோ குடலும் வாங்கிக்கொண்டு போனான். அன்றைக்கே வேதமுத்து மைதாப் பசை காய்ச்சி, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற தகரச் சுவரின் இடுக்குகளிலெல்லாம் பழைய பேப்பரைத் திணித்து ஒட்டினார். ஒட்டி என்ன? நாற்றத்துக்குப் படிக்கத் தெரியுமா? வந்துகொண்டுதான் இருந்தது.

இந்த மனிதனுக்குத்தான் பெண்டாட்டியின் மலம் அள்ளுகிற வேலை வந்தது.

ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் போய்வந்த மறுநாள் ரோஸி வீட்டு மூலையிலிருக்கிற மோரித் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கை, வலது கால், வாயின் வலது பாதி எல்லாம் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவளிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. 'தட்டு.'

வேதமுத்து பெட்பேனைத் தட்டு என்றுதான் சொல்வார். வேறு பெயர் சொல்ல அவர் நாக்கு கூசும். ஆகவே ரோஸி தட்டு என்றாலே எனாமல் பேனைக் கொண்டுவந்து அவளுக்கடியில் தள்ளுவார். அவள் இடது கையால் வேண்டாம் வேண்டாம் என்று வீசுவாள். எடுத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'தட்டு'. மறுபடியும் கொண்டுவருவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு அவர் அந்தண்டை போனதும் துணியிலேயே ஆகிவிடும். வைத்தால் வேண்டாம் என்பதும், வைக்காதபோது போவதும், இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது.

சுலைகா ஒருநாள் பார்க்க வந்தாள். வாசற்படியில் நின்றவளை உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல், "கை கழுவிட்டு வந்தியா?" என்று கேட்டார். அவள் அவரையும் தன் கையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதோடு, சுவரிலிருந்து நாற்றம் வருகிறது, நோயாளிக்கு ஆகாது என்று ரோஸியின் செத்த கைப் பக்கம் தகரச் சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை எதிர்ச்சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டார். கட்டில் நகர்ந்தபோது ரோஸி, "தட்டு, தட்டு" என்று அழுதாள். அவர் பேனை எடுத்துவந்தார்.

பார்த்துக்கொள்ள மாரீஸ்வரி என்று ஒரு பொம்பிளை வந்துகொண்டிருந்தாள். டிசம்பர் பிறந்ததும் செம்பூரில் லிப்ட் வைத்த வீடு ஒன்று அமைந்தது என்று போய்விட்டாள்.

மகள் அனிஷா, புருஷன் சாஜனோடு தாணேயில் இருக்கிறாள். தினமும் போன் பண்ணுவாள்.

"அப்பா, எங்க ஆபீஸ்ல இந்த வாரம் ஃபுல்லா கிராட்டிட்யூட் வீக். ஒரு மரம் வச்சிருக்காங்க. யாருக்கு நன்றி சொல்லணுமோ அவங்க பேர எழுதி அதுல தொங்கவிடணும். நான் அம்மா பேரத்தான் எழுதினேன். எல்லாருக்கும் கண்ல தண்ணி வந்திடுச்சுப்பா."

"சரி மக்கா."

"அப்புறம் அந்த ஹோம்ல பேசிட்டேன். பெட் காலியாயிருக்காம். நர்ஸ் இருக்காங்க, டைப்பர் மாத்த ஆள் இருக்கு, சப் குச், எல்லாமே இருக்கு. பண்டிகையன்னிக்கு மத்தியானம் நானும் சாஜனும் கார் கொண்டு வரோம். அப்படியே கூட்டிட்டுப் போயிடலாம். ஒங்களால முடியலல்ல?"

"முடியல" என்றார் வேதமுத்து. போன் ஸ்பீக்கரில் இருந்தது. கட்டிலிலிருந்து ரோஸி, "தட்டு" என்றாள். அவர் காதில் வாங்காத மாதிரி வாசலைப் பார்த்தார்.

வாசலில் பார்க்கிறமாதிரி என்ன இருந்தது? சாக்கடைக்கு மேலே இந்த வீட்டுக்கும் எதிர்வீட்டுக்குமாகக் கயிறு கட்டி, காகித நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் வால் பச்சைத் தண்ணீரில் நனைந்து ஊறியிருந்தது. பண்டிகையாம் பண்டிகை.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. பத்துப் பதினைந்து பேர், ஒரு கிட்டார், ஒரு டிரம், சிவப்பு உடுப்புக்குள் வேர்த்துக் கொட்டுகிற கிறிஸ்மஸ் தாத்தா ஒருவர். அவருடைய பஞ்சுத்தாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது. கோலி என்கிற அந்த ஒற்றை அறைக்குள் எட்டுப்பேர் நிற்கலாம். மற்றவர்கள் வாசலில் சுலைகாவின் தொட்டிகளை மிதித்துவிடாமல் ஒதுங்கி நின்றார்கள். சபைச் செயலாளர் ரோஸியின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "இந்தச் சகோதரிக்காக நாம ஸ்தோத்திரம் சொல்லணும். ஆண்டவர் உயிரை மீதம் வச்சிருக்காரே" என்று ஜெபத்தைத் தொடங்கினார்.

ஜெபத்தின் பாதியில் ரோஸிக்குப் போய்விட்டது.

முதலில் வேதமுத்துவின் மூக்குக்குத்தான் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு முகமாகத் தெரிந்துகொண்டது. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் கண்ணைத் திறக்காமலே துப்பட்டாவை மூக்குக்கு ஏற்றினார்கள். தாத்தா தாடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். செயலாளர், உலகமெங்கும் உள்ள திக்கற்றோர் வரைக்கும் போகவேண்டிய ஜெபத்தைத் தாராவியிலேயே முடித்து ஆமென் போட்டார். பாட்டு வேண்டாம் என்று யாரோ கண்ணைக் காட்டினார்கள். ரோஸ் நிற ஐசிங் வைத்த ஒரு கேக் டப்பாவை வேதமுத்து கையில் திணித்துவிட்டு, வந்த வேகத்தில் இறங்கிப் போனார்கள். டப்பாவின் மேல் 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்று அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது.

சீ என்று வந்தது அவருக்கு. அவர்களை நினைத்தும் வந்தது. கட்டிலில் கிடந்தவளை நினைத்தும் வந்தது. கைக்குட்டையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிட்டே போனார். போர்வையைத் தூக்கிப் பார்த்தார். போர்வையைப் போட்டுவிட்டார்.

ரோஸி அவரைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தட்டு" என்றாள்.

"இப்ப எதுக்கு தட்டு? எல்லாம் பண்ணித் தொலைச்சாச்சுல்லா? வச்சா வேண்டாங்க, எடுத்தா வேணுங்க. ஊர்ச்சனம் முன்னால மானத்த வாங்கியாச்சு. உன்னய அங்க கொண்டு தள்ளுனாத்தான் எனக்கு விடிவு" என்றவர், எனாமல் பேனை எடுத்து விசிறியடித்தார்.

அது பறந்துபோய்த் தகரச் சுவரில் மோதியது. மோதித் தரையில் விழுந்து, உருண்டு, மறுபடியும் சுவரில் போய் இடித்தது. இரண்டு சத்தம். சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

சுவருக்கு அந்தண்டை ஏதோ தொட்டியை நகர்த்துகிற ஓசை கேட்டது. பிறகு சுலைகாவின் குரல் வந்தது. "வாறேன் மைனி."

அடுத்த நிமிஷம் அவள் வாசலில் நின்றாள். முழங்கை வரை ஈரம். கழுவிய ஈரம்தான், சோப்பு வாசனைகூட இருந்தது, ஆனால் அதற்குக் கீழே குடலின் வாடை இருக்கத்தான் செய்தது. உள்ளே வரலாமா என்று அவள் கேட்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போனாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தாள்.

"வெந்நி இருக்கா அண்ணாச்சி?"

"போடணும்."

"போடுங்க. ரெண்டு பழைய வேட்டி எடுங்க. கிழிச்சாலும் பரவால்லங்கிற மாதிரி எடுங்க. ஒங்க நல்ல வேட்டிய எடுத்துட்டு நாளைக்குப் பொலம்பாதீய."

அவர் போட்டார். எடுத்தார். கைக்குட்டை இன்னும் முகத்தில் கட்டியபடி இருந்தது. சுலைகா ரோஸியின் இடுப்புக்கடியில் கையைக் கொடுத்துக்கொண்டே, "மைனிய அந்தப் பக்கம் சாய்ச்சுப் புடிங்க. தோளப் புடிங்க, கையப் புடிச்சு இழுக்காதீய. அது செத்த கையில்லா, நோகுதுன்னு சொல்லவுந் தெரியாது அதுக்கு" என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு தோளைப் பிடித்தார். ரோஸியின் முகம் அவர் மார்பில் பட்டது. ஈரமாக இருந்தது.

"தட்டினது மைனியா, நீங்களா?" என்று துடைத்துக்கொண்டே கேட்டாள் சுலைகா.

"யாரும் தட்டல. பேன் விழுந்துட்டு."

"பேனு தன்னாலயா போயிச் செவுத்துல ரெண்டுவாட்டி விழும்?" என்றாள். பிறகு, "எங்களுக்குள்ள ஒரு கணக்கு. செவுத்துல ஒரு தட்டுன்னா கொழா நல்லில தண்ணி வந்துட்டு. ரெண்டுன்னா எனக்கு முடியல, கொஞ்சம் வாயேன்னு அர்த்தம். நீங்க கப்பல் கம்பெனிக்குப் போனப்பொறவு நாங்க இந்தச் செவுத்துலதான குடும்பம் நடத்துனோம். மைனி தட்டுவா தட்டுவான்னு நானும் தெனமும் பாத்துக்கிட்டிருந்தேன். ஒங்க சத்தம் மட்டுந்தான் கேக்குது. அவ தட்டவேயில்ல. சரி, மைனிக்கும் நம்ம கை பிடிக்காமப் போச்சாக்கும்னு விட்டுட்டேன்" என்றாள்.

வேதமுத்து கண்ணைத் திறந்தார்.

"என்ன சொன்ன?"

"தட்டுவான்னு பாத்தேன்னு சொன்னேன்." அவள் நிமிர்ந்து கோலியைச் சுற்றிப் பார்த்தாள். "கட்டில் அங்கனல்லா கெடந்துச்சு, செவுத்தோரமா. ஏன் இங்கன வந்துச்சு? இங்க கெடந்தா எப்படித் தட்டுவா?"

சுலைகாவின் பார்வை தகர இடுக்குகளில் திணித்திருந்த பேப்பர்களில் போய் நின்றது.

"எம் பக்கம் நாறுதுன்னா?"

"ஆமா" என்றார். அந்த நேரத்தில் பொய் சொல்லவும் அவருக்குத் தெம்பில்லை.

ரோஸி இடது கையை மெல்லத் தூக்கினாள். விரல்களை மடக்கி, காற்றில் இரண்டு முறை இடித்தாள். "தட்டு" என்றாள். "தட்டு." பச்சைப்பிள்ளைக்குக்கூட விளங்கும். இத்தனை நாளும் அவள் பேனைக் கேட்கவில்லை. சுவரில் தட்டு என்று அவரைக் கெஞ்சிக்கொண்டு கிடந்திருக்கிறாள். தன் அசிங்கத்தைப் புருஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு அள்ள வேண்டாம், கூசாத கை ஒன்று பக்கத்தில் இருக்கிறது, கூப்பிடு என்று சொல்லியிருக்கிறாள். அவர் என்னவென்றால் ஒவ்வொரு தரமும் அந்தப் பேனையே கொண்டுபோய் நீட்டியிருக்கிறார்.

வேதமுத்து கைக்குட்டையை அவிழ்த்தார். நாற்றம் முகத்தில் அறைந்தது.

"உனக்கு நாறலையா சுலைகா?" என்று கேட்டார். "பழகிட்டோ?"

"எல்லாரும் இதத்தான் கேக்காவ" என்றாள் அவள். "பழகவெல்லாம் இல்ல அண்ணாச்சி. நாத்தம் நாத்தந்தான். காலையில மொதத் தொட்டியத் தொறக்கும்போது இன்னைக்கும் எனக்குக் கொமட்டிக்கிட்டுத்தான் வருது. அதுக்காவ வேலையப் போட்டுட்டு உக்காந்துர முடியுமா? நாறட்டும்னு கைய உட வேண்டியதுதான். அது ஒரு பக்கம் நாறிக்கிட்டுக் கெடக்கும், கை ஒரு பக்கம் வேலை பாத்துக்கிட்டுக் கெடக்கும்." துணியைப் பிழிந்தாள். "பண்டிகைக்கு நீங்க இட்லிக்கு ஊத்தித் திங்கியளே குடல்கறி, அதுக்குன்னு தனியா எத்தன தண்ணி மாத்துவேன் தெரியுமா? அண்ணாச்சிக்கு ஒரு சொட்டு வாடை இருந்தாலும் ஆகாதும்பா மைனி."

"எந்தக் குடல்? அது சயான்ல பாய் கடையில வாங்குதது. குடல்னா இது குடல், பூ மாதிரி இருக்குன்னு நானே சொல்லியிருக்கேன்."

சுலைகா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கையை அப்புறம்தான் பார்த்து, வாயைத் தோளில் துடைத்தாள். "எம் வாய வச்சுக்கிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன். நீங்க கோயிலுக்கு முந்திப் போவியல்லா, பாட்டுக் குழுன்னு? அந்த நேரத்துல மைனி ஒரு தட்டு நெறைய முந்திரிக்கொத்து கொண்டாந்து தருவா. தட்ட வெறுந்தட்டா எப்படித் திருப்பிக் குடுக்கது? எங்கிட்ட வேற என்ன இருக்கு? குடலு வச்சுக் குடுப்பேன். ஒங்களுக்குத் தெரிஞ்சா திங்க மாட்டீயன்னு பாய் கடைன்னு சொல்லிட்டா போலிருக்கு."

வேதமுத்து இத்தனை வருஷத்துக் கிறிஸ்மசையும் விரல்விட்டு எண்ணினார். ரோஸியைப் பார்த்தார். அவள் வாயின் இடது பாதி சிரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அந்தப் பாதி சிரித்து அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கட்டிலைத் திரும்பவும் சுவரோரமாக, இந்தத் தடவை அவளுடைய நல்ல கை சுவர்ப் பக்கம் வரும்படி இழுத்துப் போட்டார். இடுக்குகளிலிருந்த பேப்பரைப் பிய்த்து எறிந்தார். மைதாப் பசை காய்ந்து வராமல் கிடந்த இடங்களை நகத்தால் சுரண்டினார். நாற்றம் தாராளமாக உள்ளே வந்தது. அதோடு அந்தண்டையில் சுலைகா குச்சியைத் தொட்டி விளிம்பில் தட்டுகிற ஓசையும், தனக்குத்தானே உரக்கப் பேசுவதும், டெம்போக்காரனைத் திட்டுவதும் எல்லாம் வந்தது. ரோஸி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

கிறிஸ்மஸ் அன்று விடியக்காலை ஆராதனைக்கு அவர் போகவில்லை. கோயில் ஸ்பீக்கரிலிருந்து பாட்டு மட்டும் வந்தது. பாட்டின் நடுவில் ரோஸிக்கு ஆயிற்று. அவள் இடது கை சுவரைத் தேடிப் போனது. அந்தண்டை பண்டிகை வியாபாரம், கடைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள், சுலைகாவுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. வேதமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குக் கைவேல இருக்கும். நானே பாக்கேன்" என்றார்.

ரோஸி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"பாக்கேன்னு சொல்லுதம்லா. கெட."

வெந்நீர் வைத்தார். தோளைப் பிடித்துச் சாய்த்தார். போர்வையை விலக்கினார். குமட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துணியைப் போட்டு ஒருமுறை வழித்தார். அதற்குமேல் முடியவில்லை. மோரிக்கு ஓடிப்போய்க் காலையில் குடித்த காப்பியை அப்படியே வாந்தியெடுத்தார். வாயைக் கொப்பளித்தார். ஆண்டவரே, நாறுகிறது என்று சத்தமாகவே சொன்னார். அவர் வாழ்நாளில் செய்த உண்மையான ஜெபம் அதுவாகத்தான் இருக்கும். திரும்பி வந்து மிச்சத்தைத் துடைத்தார். அழகாகத் துடைத்தார் என்று சொல்லமுடியாது. சேலையை உடுத்திவிடும்போது தலைப்பு முன்னுக்குப் பின்னாக வந்தது. ஆனால் துடைத்து முடித்தார்.

பிறகு நல்ல எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து, கேரல்காரர்கள் தந்த கேக்கை வெட்டி அடுக்கினார். முந்திரிக்கொத்துக்கு எங்கே போக? வாசலிறங்கி, பச்சைத் தண்ணீரை ஒட்டி நடந்து, சுலைகா முன்னால் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அந்த வாசலுக்கு அவர் போவது இதுதான் முதல் தடவை.

"பண்டிகைப் பலகாரம்" என்றார்.

அவள் கை இரண்டும் தொட்டிக்குள் இருந்தது. "அங்கன ஸ்டூல்ல வைங்க அண்ணாச்சி. இன்னா கழுவிட்டு வாங்கிக்கிடுதேன்."

"கழுவ வேண்டாம். அப்படியே வாங்கு." கொஞ்சம் நின்று, "தட்டுனா வா. கை கழுவுனியான்னு இனிமே கேக்க மாட்டேன்" என்றார்.

"நீங்க கேக்காட்டாலும் நான் கழுவிட்டுத்தான் வருவேன்" என்றாள் சுலைகா. "அன்னைக்கும் கழுவிட்டுத்தான் வந்தேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தட்டை வாங்கிக்கொண்டு, "நீங்க அந்த ஓடிகொலான மட்டும் கொறச்சிக்கிடுங்க. செவுரு வழியா வருது. எனக்கு அதான் கொமட்டும்" என்றாள்.

கேக்கை எடுத்துக்கொண்டு, கடைசித் தொட்டியிலிருந்து வெள்ளை வெளேரென்ற குடலை அள்ளித் தட்டில் வைத்து நீட்டினாள். வேதமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிவந்தார்.

மத்தியானம் அனிஷா வந்தாள். சாஜன் காரை நைன்ட்டி ஃபீட் ரோட்டில் போட்டுவிட்டு உள்ளேயே இருக்கிறானாம், பார்க்கிங் கிடைக்கவில்லையாம். அவள் வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். அப்பன் மூக்கு.

"அப்பா, என்ன ஸ்மெல் இது! சுவரெல்லாம் ஓட்டையா கெடக்கு. நோயாளிய வச்சுக்கிட்டு… பாப்ரே. பேக் பண்ணிட்டீங்களா? அம்மா துணியெல்லாம் எங்க?"

"அம்மா வரல."

"என்னப்பா வரலன்னா? நீங்கதான முடியலன்னு சொன்னீங்க?"

"முடியலதான். இன்னைக்குக் காலையிலயும் வாந்தியெடுத்தேன். நாளைக்கும் எடுப்பேன்." அவர் அடுப்பில் குடல்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். உப்பும் காரமும் ரோஸி போடுகிற மாதிரி வரவில்லை. "இங்க நாறத்தான் செய்யும் மக்கா. நாறுதுன்னு ஆளத் தூக்கி வெளிய போட முடியுமா? செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு. இந்தப் பக்கம் நான் இருக்கேன். நீ உன் மரத்துல இன்னொரு சீட்டு தொங்கவிடு. சுலைகான்னு எழுது."

"யாரு, அந்த வஜ்டிவாலியா?" என்றாள் அனிஷா. தகரச் சுவர் அதைக் கேட்டிருக்கும். வேதமுத்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். இந்த இளக்காரத்தைச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். திட்டவும் முடியவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "தட்டு."

அனிஷா பரபரத்துக் கட்டிலுக்கடியில் குனிந்து, இரண்டே விரலால் எனாமல் பேனைத் தூக்கினாள். முகத்தை அந்தண்டை திருப்பிக்கொண்டாள். "அப்பா, அம்மாவுக்கு வருது. வாங்க, சீக்கிரம் வந்து வைங்க."

வேதமுத்து அவள் கையிலிருந்து பேனை வாங்கிக் கீழே வைத்தார். கட்டிலில் ரோஸியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் தட்டச் சொல்கிறாளா, குடல்கறிக்குத் தட்டு கேட்கிறாளா, இல்லை, இந்த ஒருதடவை பேனைத்தான் கேட்கிறாளா, அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதாவது இப்போது தெரிந்தது.

"எந்தத் தட்டு ரோஸி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அவள் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.